எந்த பேக்கு சார்?

1

இந்தக் கதையில் எனக்குக் கிடைத்தது இரண்டே வாக்கியங்கள். மீதி முழுவதும் நான் போட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

விருத்தாசலம் ஜங்ஷனில் சேலம் பாசஞ்சருக்காகக் காத்திருந்தேன். கையில் புத்தகம். ஒரு பக்கம் படிப்பேன், பிறகு புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டுச் சும்மா இருப்பேன். பார்க்கிறவர்கள் நான் தூங்குவதாக நினைப்பார்கள். பக்கத்து பெஞ்சில் ஒரு சிறுமி நின்றுகொண்டு பாடினாள். பாடும்போது காற்றில் எதையோ சுட்டாள், எதையோ கட்டினாள், கடைசியில் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். பாட்டில் எனக்குக் கேட்டதெல்லாம் ஒரே சொல்தான். பேக், பேக், பேக்.

"என்ன பாட்டும்மா இது?" என்று அவள் தாயிடம் கேட்டேன்.

"டீச்சரம்மா சொல்லிக் குடுத்த இங்கிலீசு பாட்டுங்க. இதால அவங்களுக்கு வேலையே போற மாரி ஆயிட்டுது."

அதற்குள் ரயில் வந்துவிட்டது. அவர்கள் ஏறிக்கொண்டார்கள். 'போற மாரி ஆயிட்டுது' என்றால் போனதா, போகவில்லையா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது ரயில் கிளம்பிவிட்டது. அது என்னுடைய ரயில்தான்.

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

முதல் தொடக்கம்: "மணிமுத்தாற்றின் மணலில் மாலை வெயில் பொன்னாக —" [நிறுத்தினேன். மாலையில் பள்ளிக்கூடம் கிடையாது. ஆற்றுக்கும் கதைக்கும் சம்பந்தமும் கிடையாது. ஆறு சும்மா போகட்டும்.]

இரண்டாம் தொடக்கம்: "1969இல் தமிழ்நாட்டில் மொழிப் பிரச்சினை —" [இது தலையங்கம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே மொழிப் பிரச்சினை, ஒன்றுக்குப் போக டீச்சரிடம் எந்த மொழியில் அனுமதி கேட்பது என்பதுதான்.]

மூன்றாம் தொடக்கம்: "சொர்ணாம்பாள் டீச்சருக்கு ஆங்கிலம் தெரியாது." [இது அநியாயம். தெரியும். படித்திருக்கிறாள், எழுதித் தேறியிருக்கிறாள். யாரிடமும் பேசிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். நீச்சலைப் பற்றி நிறைய வாசித்தவர்கள் உண்டல்லவா, அதைப்போல. நானும் ஆங்கிலத்தில் அந்த ரகம்.]

திருத்திய மூன்றாவதிலிருந்தே போகிறேன்.

சொர்ணாம்பாள், வயது இருபத்து மூன்று. ஊர் கம்மாபுரம். விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலிருந்த ஓர் ஆரம்பப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. மூன்றாம் வகுப்பு அவளுடையது. மூன்றாம் வகுப்பில்தான் ஆங்கிலம் தொடங்கும். வருஷக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்து ஆங்கில வகுப்பைப் பார்ப்பார். பிடித்தால் வேலை தொடரும். பிடிக்காவிட்டால் கம்மாபுரத்துக்கு பஸ் ஏற வேண்டியதுதான். அங்கே அண்ணன் வீட்டு அடுப்படி காலியாக இருந்தது. அண்ணிக்கு முழங்கால் வலி. அண்ணன் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து, "வேல எப்ப முடியுது?" என்று அக்கறையாகக் கேட்டுவிட்டுப் போவான்.

என் பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்பது இப்போது வாசகருக்குத் தெரியும். அவளுக்கு அந்த வேலை வேண்டும்.

3

வகுப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் பேட்டையில் வேலைசெய்கிறவர்களின் பிள்ளைகள். வெள்ளைக் களிமண் படிந்த கால்களோடு வருவார்கள். வகுப்பறைத் தரையில் எந்நேரமும் சின்னச் சின்ன வெள்ளைப் பாதங்கள்.* பள்ளிக்கு வெளியே சூளையில் வெடித்த கப்புகளும் மூக்கில்லாத பொம்மைகளும் குவிந்து கிடக்கும். பிள்ளைகளுக்குச் சொப்பு வாங்கித்தரும் செலவு அந்த ஊரில் யாருக்கும் இல்லை.

* கிருஷ்ண ஜெயந்திக் கோலம்போல என்று உவமை எழுதி அடித்தேன். அழகாக இருந்தது, அதனால்தான்.

பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்து இன்னும் கைவரவில்லை. ஏ, பி, சி எழுதுவார்கள், எஃப் வந்ததும் கோடு எந்தப் பக்கம் என்று சண்டை வரும். பாடப்புத்தகத்தில் பனிமழை இருந்தது, ஆடு இருந்தது, ஆப்பிள் இருந்தது. மூன்றையும் வகுப்பில் யாரும் பார்த்ததில்லை. ஆட்டைப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் படத்திலிருந்தது கம்பளி உருண்டை. "டீச்சர், இது தலகாணிக்கு கால் மொளச்ச மாரி இருக்குது" என்றாள் ஒருத்தி.

சொர்ணாம்பாள் தானே ஒரு பாட்டு கட்டினாள். பேட்டையில் நடப்பதையே வைத்துக் கட்டினாள். பிள்ளைகள் படிக்க வேண்டுமென்று கரும்பலகையில் தமிழ் எழுத்தில் எழுதினாள்:

ஐ பேக் எ கப்,
ஐ பேக் எ கப்,
ஐ புட் இட் இன் எ பேக்,
ஐ கேரி த பேக் ஆன் மை பேக்,
அண்ட் ஐ கம் பேக்!

எழுதிவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். எல்லாம் பேக்காக இருந்தது.

அவள் உத்தேசித்தது இது: முதல் வரியில் கப்பைச் சூளையில் சுடுகிறேன். இரண்டாம் வரியில் வைக்கோல் சுற்றிக் கட்டுகிறேன். மூன்றில் பையில் போடுகிறேன். நான்கில் அந்தப் பையை முதுகில் சுமக்கிறேன். ஐந்தில் திரும்பி வருகிறேன். ஆங்கிலத்தில் இவற்றுக்கு நாலுவிதமான எழுத்துக்கூட்டல். தமிழில் எழுதினால் சுடுவதும் பேக், கட்டுவதும் பேக், பையும் பேக், முதுகும் பேக், திரும்புவதும் பேக்.

[நண்பர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, ஆங்கில எழுத்தில் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டால் குழப்பமே இல்லையே என்றார். உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு இல்லாத வசதி வாசகருக்கு மட்டும் எதற்கு?]

சொர்ணாம்பாள் பலகையை அழிக்கவில்லை. ஒவ்வொரு பேக்குக்கும் ஓர் அபிநயம் வைத்தாள். சுடுவதற்குக் கைகளைத் தீ மாதிரி ஆட்டுவது. கட்டுவதற்கு வைக்கோல் சுற்றுவது. பைக்குக் கைகளை வட்டமாக விரிப்பது. முதுகுக்கு முதுகைத் தட்டுவது. திரும்புவதற்கு ஒரு சுற்று. ஒரு வாரத்தில் வகுப்பே ஆங்கிலத்தில் கப் சுட்டது.

தலைமை ஆசிரியர் கொளஞ்சியப்பன் ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"என்னம்மா, ரொட்டியத்தான சுடுவாங்க இந்த வார்த்தைல? கப்ப சுடறதுக்கு வேற சொல்லணுமே?"

"சுடறதுக்கு எனக்கு தெரிஞ்சது இது ஒண்ணுதான் சார்."

"சரி, வுடு. அந்த வேற வார்த்த என்னன்னு எனக்கும் தெரியாது" என்றார் அவர்.

4

முதல் வினை பேட்டையிலிருந்து வந்தது. பூவாயி என்ற பிள்ளையின் தாய் பாஞ்சாலை, கப்புகளுக்கு வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலை செய்பவள். தலையில் வைக்கோல் துரும்போடு நேராகத் தலைமை ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

கொளஞ்சியப்பர் கோயிலில் மனக்குறையைத் தாளில் எழுதிச் சாமிக்குப் பிராது கட்டுவது அந்த வட்டாரத்து வழக்கம். சாமி பேரை வைத்துக்கொண்டதால் பிராதெல்லாம் தன்னிடமே வருகிறது என்று தலைமை ஆசிரியர் அலுத்துக்கொள்வார்.

"சார், எம்பொண்ணு அவ அப்பன பேக்குங்கிறா."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"ஸ்கூல்லதான். அவரு சோறு துண்ணுக்கிட்டு இருக்காரு. இவ எதுர நின்னுக்கிட்டு, பேக்கு பேக்குன்னு ஆடுறா. அவரு தட்டோட எழுந்துட்டாரு. 'பெத்த அப்பன பேக்குன்னு சொல்றதுக்கா ஸ்கூலு'ன்னு ஒரே சத்தம்."

சொர்ணாம்பாள் ஓடிவந்தாள். "அய்யோ, அது திட்டு இல்லைங்க. இங்கிலீஷ்ல அதுக்கு முதுகுன்னு அர்த்தம். பைன்னும் அர்த்தம்."

"அவரு பையா?"

"இல்லைங்க..."

"டீச்சரம்மா, எனக்கு ஒண்ணும் கோவமில்ல. அவரு ஒரு மாரி பேக்குதான். கல்யாணம் பண்ணுன எனக்கு தெரியாதா? ஆனா அத ஏழு வயசு புள்ள சொல்லக் கூடாது பாருங்க. நாந்தான் சொல்லணும்."

அவள் போனதும் கொளஞ்சியப்பன், "ஆக மொத்தம் ஆறு பேக்கு" என்றார்.

5

[இந்த இடத்தில் நீண்ட நேரம் எழுதாமல் இருந்தேன். காரணம் கொளஞ்சியப்பன்.

கதை நகர ஒரு வில்லன் வேண்டும். தலைமை ஆசிரியர்கள் அதற்குத் தோதானவர்கள். "பாட்டை நிறுத்து!" என்று அவர் கர்ஜிப்பதாக ஒரு பத்தி எழுதினேன். எழுதி முடித்ததும் அவர் தாளிலிருந்து என்னைப் பாவமாகப் பார்த்தார். கர்ஜிக்கக்கூடிய மனிதர் இல்லை. பள்ளி மணியடிக்கும் இரும்புத் துண்டைக்கூடச் சத்தம் வராமல் தட்டுபவர். பத்தியை எடுத்துவிட்டேன்.

அவர் நிஜமாகச் சொல்லியிருக்கக்கூடியது இதுதான்:]

"அம்மா, நா உன்ன நிறுத்தச் சொல்லல. இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு மட்டும் பாட்டு வேணாம். 'திஸ் இஸ் எ பென்' போதும். அதுல யாரும் யாரையும் திட்ட முடியாது."

"பேனா யாருகிட்டயும் இல்லையே சார். பலப்பந்தான் இருக்குது."

"எங்கிட்ட இருக்குது, தரேன்."

சொர்ணாம்பாள் ஒப்புக்கொண்டாள். அவளுக்கு வேலை வேண்டும் என்று சொன்னேனே.

6

இன்ஸ்பெக்டர் கோதண்டபாணி காலையிலேயே ஜீப்பில் வந்தார். வெற்றிலைப் பிரியர். வாய் எப்போதும் நிறைந்திருக்கும், அதனால் குறைவாகப் பேசுவார், அதனால் எல்லோரும் அவரை மேதை என்று நினைத்தார்கள். [எனக்கும் இந்த அனுபவம் உண்டு. வெற்றிலைகூடப் போடுவதில்லை நான்.]

வந்ததும் கொளஞ்சியப்பனிடம், "டெம்பரவரி டீச்சர் விஷயத்த கெளம்பறப்ப வாயாலயே சொல்லிட்டுப் போறேன். உத்தரவு பின்னால தபால்ல வரும்" என்றார். தன் தோல்பையை நாற்காலியில் வைத்துவிட்டு வகுப்பின் நடுவில் நின்றார்.

சொர்ணாம்பாள் தலைமை ஆசிரியரின் பேனாவைத் தூக்கிக் காட்டினாள். "வாட் இஸ் திஸ்?"

"திஸ் இஸ் எ பென்!" என்று வகுப்பு கத்தியது.

"வாட் இஸ் திஸ்?"

"திஸ் இஸ் எ பென்!"

மூன்றாம் முறை அவள் மேசையைத் தொட்டுக் கேட்டாள். அதுவும் பேனா என்றது வகுப்பு. இன்ஸ்பெக்டர் முகம் மாறவில்லை. சொர்ணாம்பாளுக்கு அண்ணன் வீட்டு அடுப்படியின் புகை நாற்றம் மூக்கில் ஏறியது. எதையும் முடிவுசெய்யாமலே வாய் பாடிவிட்டது.

"ஐ பேக் எ கப்..."

வகுப்பு எழுந்தது. அதற்குப் பிறகு அதை உட்கார வைக்க முடியவில்லை. சுட்டது, கட்டியது, பையில் போட்டது, முதுகைத் தட்டியது, சுற்றியது. வெள்ளைத் தூள் இன்ஸ்பெக்டரின் கறுப்பு பூட்ஸில் மெதுவாக இறங்கியது. கொளஞ்சியப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும் கோதண்டபாணி பூவாயியைக் கைகாட்டி அழைத்தார்.

"பேக்னா என்னா?"

"எந்த பேக்கு சார்?"

"எந்த பேக்கா? எத்தன இருக்குது?"

"அஞ்சு சார். எங்கப்பாவ சேத்தா ஆறு."

கொளஞ்சியப்பன் இருமினார். இன்ஸ்பெக்டர் யோசித்தார். பிறகு, இந்தப் பிள்ளைக்குப் பொருள் தெரிகிறதா, வெறும் ஆட்டம்தானா என்று சோதிக்க நினைத்தார் போலும். நாற்காலியில் இருந்த தன் தோல்பையைக் கேட்டார். நல்ல ஆங்கிலத்தில், கை எதையும் காட்டாமல் கேட்டார்.

"கிவ் மீ த பேக்."

கை காட்டியிருந்தால் இந்தக் கதை இல்லை. வாயில் வெற்றிலை இல்லாமலிருந்தாலும் இந்தக் கதை இல்லை. பூவாயி ஒரு கணம் நின்றாள். எந்த பேக்கு என்று முகத்தைப் பார்த்தாள். அவர் இன்னொரு முறை சொல்லவில்லை. அவள் திரும்பி நின்று, குனிந்து, தன் முதுகை இன்ஸ்பெக்டருக்குக் கொடுத்தாள்.

உயர் அதிகாரிக்கு முதுகு காட்டிக்கொண்டு அந்தப் பிள்ளை அசையாமல் நின்றது. யாராவது தட்டுவார்கள் என்று காத்திருந்தது. வகுப்பும் காத்திருந்தது.

இன்ஸ்பெக்டரின் தோள் குலுங்கியது.

"அவர் வாய்விட்டுச் சிரித்தார்" என்று எழுதி — [அடித்தேன். வெற்றிலை நிறைந்த வாயோடு யாரும் வாய்விட்டுச் சிரிக்க முடியாது. "கோபத்தில் நடுங்கினார்" என்று எழுதிப் பார்த்தேன். அதுவும் பொருந்துகிறது. தோள் குலுங்கியது என்பது மட்டும்தான் எனக்கு நிச்சயம்.]

அவர் தானே போய்ப் பையை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு நடந்தார்.

7

ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. கொளஞ்சியப்பனும் சொர்ணாம்பாளும் பின்னால் ஓடினார்கள். வகுப்பும் ஓடிவந்தது. ஜங்ஷனில் சரக்கு ரயில் ஒன்று கூவ ஆரம்பித்தது.

"சார், டீச்சர் விஷயம்..." என்றார் கொளஞ்சியப்பன்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். சொர்ணாம்பாளை ஏறிட்டுப் பார்த்தார். வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். ஒரே ஒரு சொல் சொன்னார்.

"பேக்!"

ஜீப் போய்விட்டது.

புழுதி அடங்கியது.

"என்ன சார் சொன்னாரு?" என்றாள் சொர்ணாம்பாள்.

"பேக்குன்னாரு."

"எந்த பேக்கு சார்?"

"அஞ்சு பேக்கு சொல்லிக் குடுத்தது நீ. எங்கிட்ட கேட்டா?"

கட்டு என்றால் மூட்டையைக் கட்டு. திரும்பு என்றால் வகுப்புக்குத் திரும்பு. இடையில் இருந்தது ஓர் உதட்டசைவு. அதிலும் வெற்றிலை.

"புள்ளைங்களா, அவரு என்ன சொன்னாரு?" என்று அவள் வகுப்பைக் கேட்டாள். பிள்ளைகள் உடனே கைகளால் பதில் சொன்னார்கள். ஒருத்தி வைக்கோல் சுற்றினாள். இரண்டு பேர் ஒரு சுற்றுச் சுற்றினார்கள். ஒருவன் கப் சுட்டான். பூவாயி கொளஞ்சியப்பனைச் சுட்டிக்காட்டினாள்.

"என்னையவா?" என்றார் அவர், உண்மையிலேயே வருத்தப்பட்டு.

அன்று மத்தியானம் முழுவதும் அவர் மேலதிகாரிக்குக் கடிதம் எழுத முயன்றார். தமிழில் எழுதினால், "தாங்கள் அருளிய பேக் எந்த பேக் என்று தெரிவிக்க வேண்டுகிறேன்" என்று வந்தது. அனுப்ப முடியாது. ஆங்கிலத்தில் எழுதலாம் என்றால் அந்தச் சொல்லின் முதல் எழுத்தை எழுத வேண்டும். முதல் எழுத்தை எழுதிவிட்டால் கேள்வியே இல்லை, அதுதான் பதில். பேனா தாளுக்கு மேலே நின்றது.

சொர்ணாம்பாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், நீங்க எழுதிக் கேக்கலன்னா என்ன ஆவும்?"

"தபால்ல உத்தரவு வரும்."

"அது வர்ற வரைக்கும்?"

"வர்ற வரைக்கும்..." கொளஞ்சியப்பன் பேனாவின் மூடியைப் போட்டார். "வர்ற வரைக்கும் நா கொஞ்சம் காது கேக்காதவன்மா. நீ கெளாசுக்கு போ."

8

முடிவுகள்.

ஒன்று: உத்தரவு வருகிறது, வேலை போகிறது. அவள் கம்மாபுரத்தில் அண்ணன் பிள்ளைகளுக்கு அடுப்படியில் — [வேண்டாம். அழுகை வருகிறது, அதற்காகவே எழுதியது போலத் தெரிகிறது.]

இரண்டு: இன்ஸ்பெக்டர் அந்தப் பாட்டை வட்டாரத்துப் பள்ளிகளுக்கெல்லாம் — [இதை நானே நம்பவில்லை.]

மூன்று: சொர்ணாம்பாள் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டுகிறாள், மறுநாள் — [சாமி தீர்த்துவைத்தால் கதாசிரியன் எதற்கு? தவிர, பிராதிலும் அந்தச் சொல்லைத் தமிழில்தானே எழுதியிருப்பாள்? சாமிக்கும் அதே குழப்பம்.]

நான்கு: [இங்கே எதுவும் எழுதவில்லை. பல நாள் இந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஜங்ஷனுக்குப் போய் அதே பெஞ்சில்கூட உட்கார்ந்து பார்த்தேன். அந்தத் தாயும் மகளும் வரவில்லை. என் ரயிலை மறுபடியும் விட்டேன்.]

நான் எந்த முடிவை எழுதினாலும் அந்த ஒரு சொல்லைத் தமிழில்தான் எழுத வேண்டும். ஜீப்பில் உட்கார்ந்தவர் சொன்னதைத் தமிழ் எழுத்து அப்படியே பிடித்து வைத்துக்கொள்கிறது, எது என்று சொல்ல மறுக்கிறது. அடைப்புக்குறிக்குள் ஆங்கில எழுத்தைப் போடமாட்டேன் என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன். இப்போது வருந்திப் பயனில்லை.

ஆகவே ஒன்று செய்யுங்கள். இதுவரை மனசுக்குள் படித்திருப்பீர்கள். இந்த இடத்தை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்தில் யாராவது இருந்தாலும் பரவாயில்லை. ஜீப் உறுமுகிறது, ரயில் கூவுகிறது, சொர்ணாம்பாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே நிற்கிறாள். இன்ஸ்பெக்டர் வாயைத் திறக்கிறார். அந்தச் சொல்லுக்கு உங்கள் உதடுகள் ஒட்டிப் பிரிய வேண்டும். அழுத்திப் பிரித்தால் அவள் மூட்டை கட்டுவாள். மெத்தென்று பிரித்தால் வகுப்புக்குத் திரும்புவாள். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஒலி கிடையாது, நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அவசரம் இல்லை, யோசித்துச் சொல்லுங்கள். அவள் நிற்பாள்.

"பேக்!"